செல்லுக்கு ஒன்று

ஆறாவது ஊசிக்குப் பிறகும் மயில்சாமியின் எண்ணிக்கை சுழிக்கு வரவில்லை. கிருமியெண்ணியின் திரையில், ஒரு மில்லி இரத்தத்துக்கு ஒன்பது லட்சம் என்று சிவப்பில் நின்றது. ஏழு வாரத்துக்கு முன்னால், முதல் ஊசிக்கு முந்தின நாள், அது அறுபது லட்சமாக இருந்தது. ஆக மருந்து வேலை செய்கிறது, கிருமிதான் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது என்று உடுமலைத் துடைப்பகத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எண்ணிக்கை சுழியாகாதவர்களுக்கு அங்கே ‘கெட்டி’ என்று பெயர். மயில்சாமி பதினொன்றாம் கட்டில் கெட்டி.

அவனுக்கு நாற்பத்தொரு வயது. மஸ்கட்டில் எட்டு ஆண்டுகள் குளிர்சாதன எந்திரங்களைப் பழுது பார்த்தவன். ஊருக்கு வந்தால் துடைப்பகம் என்று பயந்தே பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவன், மகளைப் பார்க்கும் ஆசை தாங்காமல் போன மாதத்துக்கு முந்தின மாதம் கல் மாதிரி உடம்போடு விமானத்திலிருந்து இறங்கினான். விரலை எண்ணிக்குள் நீட்டச் சொன்னார்கள். நீட்டினான். சிவப்பு எரிந்தது. அங்கிருந்து நேராக இந்தக் கண்ணாடிக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது தலையில் ஒரு முடி இல்லை. பல் துலக்கினால் ரத்தம் நிற்பதில்லை. கொசு கடித்துச் சொறிந்த இடம் மூன்று வாரமாக ஆறாமல் புண்ணாகக் கிடந்தது. ஏழு வயது மகள் பூவிழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவாள். அவன் இந்தப் பக்கம் படுத்தபடியே ஆட்டுவான். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

இத்தனைக்கும் அவனுக்கு எந்த நோயும் வந்திருக்கவில்லை. ஆனால் சட்டம் நோய் இருக்கிறதா என்று கேட்பதில்லை, கிருமி இருக்கிறதா என்றுதான் கேட்கிறது.

துடைப்புச் சட்டம் வந்து எட்டு ஆண்டுகள். அதற்கு முன்னால் மனிதர்கள் ஹெர்பிஸ் குடும்பத்துக் கிருமிகளைக் கூடவே வைத்துக்கொண்டு வாழ்ந்து, கூடவே வைத்துக்கொண்டு செத்தார்கள். உதட்டோரம் கொப்புளம் போட வைப்பது அதில் ஒன்று. சின்ன வயதில் அம்மையாக வந்து, வேப்பிலைக்கு அடங்கியதுபோல் பாவனை காட்டி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துத் தூங்கி, அறுபது வயதில் அக்கியாக எழுந்து விலாவைச் சுட்டெடுப்பது இன்னொன்று. கருவில் இருக்கும் பிள்ளையின் காதைக் கெடுப்பது, சில புற்றுநோய்களுக்கு வழி திறந்துவிடுவது என்று மொத்தம் எட்டு வகை. பழைய மாத்திரைகள் விழித்துக்கொண்ட கிருமியைப் பெருகாமல் பிடித்து நிறுத்தும். தூங்குகிறதை அவற்றால் தொட முடியாது. வேரறுப்பான் வந்த பிறகுதான் அது முடிந்தது. ஊசி வழியாக உடம்பெங்கும் போய், கிருமியின் மரபெழுத்து எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்து நறுக்கும் மருந்து அது. மூன்றே ஊசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் சுத்தம்.

நூறாவது ஆள் கெட்டி. ஊசிக்கு ஊசி அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். அவர் பத்து வாரத்துக்குள் செத்துப்போவார். கிருமி வெளியேறும்போது ஆடும் கடைசி ஆட்டம் என்று அதற்கு ஒரு விளக்கமும் தயாராக இருந்தது. ஜனங்களும் அதை நம்பினார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. சட்டத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் உடம்புக்கு இந்தக் கிருமிகளை அடையாளம்கூடத் தெரியாது. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்கு அக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்த ஒரே ஒரு மனிதரால் நூற்றெண்பது பேருக்கு அம்மை போட்டு, ஒன்பது குழந்தைகள் போய்விட்டன. அதன் பிறகு, சிவப்பு என்று தெரிந்தால் உடன்பிறந்தவனுக்கும் கதவைச் சாத்தினார்கள்.

உடுமலைத் துடைப்பகத்தின் தலைமை மருத்துவர் வசுமதி. அளவை இரட்டிப்பாக்கும் விதியை எழுதிய ஐவர் குழுவில் அவரும் ஒருவர். அந்த விதியை அவர் ஊராருக்கு மட்டும் எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அவருடைய தம்பி நல்லசிவம் இதே கூடத்தில் கெட்டியாகக் கிடந்தபோது, மற்றவர்கள் போட்டால் கை தயங்கும் என்று எட்டாவது ஊசியைத் தானே போட்டார். நான்காம் நாள் தம்பி போய்விட்டான். அதைத் தியாகம் என்று துறையின் மலரில் எழுதினார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மயில்சாமிக்கு ஏழாவது ஊசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று குறித்தாயிற்று. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவாக்கில் அவன் மனைவி தெய்வானை டாக்டரைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு வெள்ளித் தாயத்து. மயில்சாமி சிறு வயதிலிருந்து அரைஞாணில் கட்டியிருந்தது. உலோகம் ஆகாது என்று முதல் நாளே கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தது அவன் பிறந்தபோது காய்ந்து விழுந்த தொப்புள்கொடி. தீராத சீக்கு வந்தால் அதில் துளி உரைத்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதைக் கொடுக்க அனுமதி கேட்டாள்.

வசுமதிக்கு எரிச்சல்தான் வந்தது. ஏழு வாரமாக வேரறுப்பானுக்கே அசையாதது கொடிக்கு அசையப் போகிறதா என்று கேட்டார்.

“அசையாட்டியும் பரவால்லீங்க டாக்டரம்மா,” என்றாள் தெய்வானை. “அவுங்கம்மா இதுக்குன்னுதான் பத்திரமா வெச்சிருந்தாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அதையும் குடுத்துப் பாத்திருக்கலாமேன்னு நான் காலம் பூராத் தவிக்கோணும்.”

அதற்கு மேல் மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் கண்ணாடிக் கூடத்துக்குள் எது போனாலும், இளநீர் ஆனாலும் தலையணை உறை ஆனாலும், எண்ணியில் வைத்து சுழி காட்டிய பிறகே போக வேண்டும். கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்த அந்தக் கொடியிலிருந்து மிளகளவு சுரண்டி, சிமிழில் போட்டு, எண்ணியில் வைத்தார். நாற்பத்தொரு வருஷத்துப் பொருள். சுழி வந்துவிடும், கொடுத்து மனம் ஆறட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

சிவப்பு எரிந்தது. எட்டில் ஆறாவது வகை. மயில்சாமியின் இரத்தத்தில் இருக்கும் அதே கிருமி.

அது மட்டும் என்றால், கருவிலேயே தொற்றியிருக்கிறது என்று எழுதி முடித்திருப்பார். ஆனால் இரத்தத்துக்கு மில்லிக் கணக்கில் விடை சொல்லும் எண்ணி, திடப்பொருளுக்கு மில்லி இல்லாததால் செல் கணக்கில் சொல்லும். திரையில் அது எழுதியிருந்தது: செல்லுக்கு ஒன்று. ஒன்றரை இல்லை, முக்கால் இல்லை. சரியாக ஒன்று.

தொற்று அப்படி இருக்காது. தொற்று என்றால் ஒரு செல்லில் ஆயிரம் இருக்கும், பக்கத்து ஆயிரம் செல்லில் ஒன்றும் இருக்காது. பந்தியில் இலைக்கு ஒன்று வைத்த மாதிரி அது பரிமாறிக்கொண்டு போகாது. வசுமதி உள்ளே போய் மயில்சாமியின் நகத்தை வெட்டி வந்து வைத்தார். நகத்தில் இந்தக் கிருமிக்கு வேலையே கிடையாது. செல்லுக்கு ஒன்று.

பிறகு அவர் ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டார். முதல் நாள் மயில்சாமியின் கிருமி எண்ணிக்கை அறுபது லட்சம். அன்று அவனுடைய வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை என்ன என்று அடுத்த அறையின் கோப்பைத் திறந்தார். அறுபது லட்சம். இன்றைக்குக் கிருமி ஒன்பது லட்சம். வெள்ளை அணு ஒன்பது லட்சம். எட்டு ஆண்டுகளாகக் கிருமியை ஒரு அறையில் எண்ணினார்கள், அணுவை இன்னொரு அறையில் எண்ணினார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊசி போடப் போடக் கிருமி குறைகிறது என்று கைதட்டினார்களே, குறைந்தது கிருமி இல்லை. மனிதன்.

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு முப்பாட்டனின் விந்திலோ, முப்பாட்டியின் சினையிலோ இந்தக் கிருமி புகுந்து, மரபிழையின் நுனியில் தன்னைத் தைத்துக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து கண்ணின் நிறம் வருகிற மாதிரி பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அப்படிப்பட்டவர் நூற்றில் ஒருவர் இருப்பார் என்று அவர் மாணவியாக இருந்தபோது எங்கோ படித்ததுகூட ஞாபகம் வந்தது. நூற்றில் ஒருவர்! அவர்கள் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் அந்த எழுத்து உண்டு. அந்த எழுத்தைக் கண்ட இடத்தில் நறுக்கச் சொல்லித்தான் வேரறுப்பானை அனுப்பினார்கள். அது சொன்னபடி நறுக்கியது.

நல்லசிவத்தின் பழைய கோப்பைத் திறந்தார். ஐம்பத்திரண்டு லட்சம் கிருமி. ஐம்பத்திரண்டு லட்சம் அணு. வசுமதி நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தார். தம்பிக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாதவனை எட்டு ஊசி போட்டுக் கொன்றோம், கடைசி ஊசியை நானே போட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அழுகை வரவில்லை. அடி வாங்கிய பிள்ளை அழுவதற்கு முன்னால் மூச்சடைத்து நிற்குமே, அப்படி உட்கார்ந்திருந்தார்.

உடுமலையில் மட்டும் அதுவரை ஆயிரத்து இருநூறு கெட்டிகள் செத்திருந்தார்கள். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தாளில் அவர் கையெழுத்து இருந்தது.

துறையின் ஆணையர் கனகசபாபதி புதன்கிழமை காலையே சென்னையிலிருந்து வந்துவிட்டார். கொடூரமானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பொள்ளாச்சிக் கல்யாணத்தில் போன ஒன்பது குழந்தைகளில் ஒன்று அவருடைய பேத்தி. வசுமதி காட்டிய எண்களை எல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நடுவில் ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் வசுமதி மன்றாடினார். பரம்பரையாக எழுதப்பட்டு வருவது கிருமியாகாது என்று ஒரே ஒரு வரி, ஆணையரின் கையெழுத்தோடு, போதும். மயில்சாமிக்கு நாளை ஊசி நின்றுவிடும், இனி குத்தாமல் விட்டால் அவன் இரத்தம் மெல்லத் தேறவும் கூடும் என்றார்.

“அந்த எழுத்து என்னிக்குமே விழிச்சுக்காதுன்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?” என்று கேட்டார் ஆணையர்.

வசுமதியால் பொய் சொல்ல முடியவில்லை. மிக மிக அபூர்வமாக விழித்ததாகப் படித்திருக்கிறேன் என்றார்.

“அப்போ அது கிருமிதான்.”

அவசரத்தில் மனிதர்கள் தங்கள் பக்கத்து வாதம் என்று நினைத்து எதிராளியின் கையில் கத்தியைக் கொடுப்பார்கள். வசுமதியும் கொடுத்தார். இது இவன் ஒருவனோடு முடிகிற விஷயம் இல்லை, இவன் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, எத்தனை பேரைக் கொல்வீர்கள் என்று கேட்டுவிட்டார். ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூவிழி இதுவரை எண்ணப்பட்டதே இல்லை. தாய்க்கு எண்ணிக்கை சுழியாகிப் பச்சை எரிந்தால் பிள்ளையும் பச்சை என்பது விதி. எச்சிலாலும் மூச்சாலும் வருகிற கிருமி தாயைத் தாண்டி வேறு எப்படி வரும் என்று அந்த விதியை எழுதினார்கள். அப்படியானால் தந்தை வழியாக வந்த கிருமியோடு எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆணையர் யோசித்தார். அவர் முகம் வெளுத்ததை வசுமதி பார்த்தார்.

அரை மணி நேரத்தில் அவர் முடிவு சொல்லிவிட்டார். மயில்சாமியின் ஊசியில் மாற்றம் இல்லை. பூவிழிக்கும் நாளை காலை எண்ணிக்கை, சிவப்பு என்றால் முதல் ஊசி. பரம்பரையாக வருவது எதுவும் தப்பாதபடி எண்ணிகளின் தேடல் பட்டியலை விரிவாக்கிப் புது ஆணை போட வேண்டும். அதை இன்றைக்குள் வசுமதியே வரைந்து தர வேண்டும். பிள்ளைகளைப் பெரியவர்கள் மாதிரி பத்து வாரம் இழுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அதை அவர் இரக்கமாகத்தான் சொன்னார்.

வசுமதி தன் அறைக்குப் போய் ஆணையை எழுதினார்: மனித மரபெழுத்தில் பரம்பரையாக எழுதப்பட்டு வரும் எந்தக் கிருமியும் கிருமியே. எந்தெந்தக் கிருமி என்பதற்கு, மரபெழுத்துக் காப்பகத்தின் முழுப் பட்டியலையும் இணைப்பாக வைத்தார். நாலாயிரத்துச் சொச்சம் பக்கம். ஆணையர் முதல் பக்கத்தைப் படித்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இணைப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம் அலுவலகங்களில் என்றைக்கு இருந்தது!

ஆணை வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மாநிலத்தின் எல்லா எண்ணிகளிலும் ஏறியது. பத்து மணிக்கு ஆணையர் கண்ணாடிக் கூடத்துக்குள் நின்றார். பூவிழியை வாசலில் தெய்வானை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காவலர்கள் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தவில்லை. பிள்ளையைத் தரமாட்டேன் என்று அடிக்குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் மயில்சாமி எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை.

வேரறுப்பானின் பெட்டி சும்மா திறக்காது. பச்சை உடைய இரண்டு அதிகாரிகள் எண்ணியில் விரல் வைத்தால்தான் ஊசி வெளியே வரும். ஆணையர் முதலில் வைத்தார்.

சிவப்பு.

கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்பு. புதுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் செல் கணக்கு என்பதால், திரையில் அது தெளிவாக எழுதியது: செல்லுக்கு நான்கு லட்சம். வசுமதி விரல் வைத்தார். அவருக்கும் அதேதான். செவிலிக்கும் காவலர்களுக்கும் அதேதான். வெளியே போக வேண்டியவரின் விரலுக்குச் சிவப்பு எரிந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. ஆணையரின் பையில் போன் அடிக்கத் தொடங்கியது. கோட்டையின் வாசலில் எண்ணி யாரையும் உள்ளே விடவில்லை. பள்ளிக்கூடங்கள், ரயில் நிலையங்கள், சுகாதார அமைச்சரின் வீட்டுக் கதவு, எங்கும் சிவப்பு. மாநிலத்தில் ஒரு பச்சை இல்லை.

“எந்திரம் கெட்டுப்போச்சா?” என்றார் ஆணையர்.

கெடவில்லை என்றார் வசுமதி. மனிதனின் மரபெழுத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் நம் மூதாதைகளுக்குள் புகுந்து தைத்துக்கொண்ட பழைய கிருமிகளின் மிச்சம். ஹெர்பிஸ் இல்லை, வேறு இனம். குரங்குக்கும் உண்டு, நமக்கும் உண்டு, பிறந்த குழந்தைக்கும் உண்டு. தாயின் வயிற்றில் பிள்ளை ஒட்டி வளர்வதற்கே அதில் ஒரு எழுத்துதான் உதவுகிறது. அவற்றையும் கிருமி என்று எண்ணச் சொல்லி நேற்று ஆணையரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஆணையரின் கண் தன் விரல் நுனிக்கும் மயில்சாமியின் கட்டிலுக்குமாக இரண்டு தடவை போய் வந்தது.

“இதை எப்படி எடுக்கறது?” என்று கேட்டார்.

“எடுக்க முடியாதுங்க சார். அது உங்களை வந்து பிடிச்சதில்ல. நீங்கதான் அது.”

ஆணையர் பேனாவைக் கேட்டார். ஊசி அட்டையின் பின்பக்கத்தில், பரம்பரையாக எழுதப்பட்டு வருவது கிருமியாகாது என்று தன் கைப்பட எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டார். சென்னைக்குப் போனில் படித்துக் காட்டினார். மயில்சாமிக்காக நேற்று ஒரு மணி நேரம் கெஞ்சியும் எழுத முடியாத வரி, தனக்காக எழுத அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்தது. எல்லாச் செல்லிலும் ஒரே கணக்காக இருப்பதை இனி விட்டுவிடச் சொன்னதும் எண்ணிகள் வரிசையாகப் பச்சைக்குத் திரும்பின. மயில்சாமியின் விரலையும் வைத்துப் பார்த்தார்கள், பச்சை. தெய்வானை பூவிழியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். கட்டிலருகே வந்ததும் பிள்ளை தயங்கி நின்றாள். கிட்ட வராதே கண்ணு என்று பழக்கத்தில் சொல்லிவிட்ட மயில்சாமி, பிறகு தானே கையை நீட்டினான். அவள் அந்தப் புண்பட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அழுதான். ஆணையர் யாரையும் பார்க்காமல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார்.

அழுகை அடங்கியதும் மயில்சாமி கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். ஏழு வாரத்தில் அவனுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் படுத்திருந்து, ஒவ்வொருவராகத் துணி மூடி வெளியே போனவர்கள் ஐந்து பேர். அவர்களில் பெதப்பம்பட்டிக்காரர் ஒருவர் இரவெல்லாம் அவனுக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருந்தவர்.

“டாக்டரம்மா,” என்றான் மயில்சாமி. “எனக்கு ஒண்ணுமில்லீன்னா, அப்ப அவுங்களுக்கெல்லாம் என்னங்க சீக்கு?”

வசுமதி காலி கட்டில்களைப் பார்த்தார். தம்பி கிடந்த நான்காம் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள்.

“ஒரு சீக்கும் இல்லீங்க,” என்றார். “எங்ககிட்ட வந்தாங்க. அவ்வளவுதான்.”